துர்கையைத் தூக்கிய சென்டர் ஃபார்வர்ட்

கொல்கத்தாவில் துர்கா பூஜைப் பந்தலுக்கு வழி கேட்டுப் பாருங்கள். கோயில் பெயரைச் சொல்ல மாட்டார்கள், விளையாட்டுச் சங்கத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். லேக் டவுனில் ஸ்ரீபூமி ஸ்போர்ட்டிங் கிளப். கடியாஹாட் பக்கம் எக்டாலியா எவர்கிரீன் கிளப். வடக்கே சிம்லா வியாயாம் சமிதி. அது உடற்பயிற்சிக் கழகம். பத்துக் கையும் விரித்து அம்மன் எழுந்தருளும் இடங்களில் பல, பையன்கள் பந்து உதைக்கும் சங்கத்து வாசல்தான்! இந்த ஒரு சங்கதி பிடிபட்டுவிட்டால் போதும், அந்த நகரத்தின் திரைக்குப் பின்பக்கம் முழுவதும் தானாகத் திறந்துகொள்ளும்.

எனக்கு அதைத் திறந்துவிட்டவர் ஒரு நைஜீரியர். லாகோஸ் தீவில் பிறந்தவர். சென்டர் ஃபார்வர்டாக ஆட வந்தவர். முழங்கால் கைவிட்ட பிறகும் ஊர் திரும்பாமல், தெற்குக் கொல்கத்தாவில் ஒரு சங்கத்துச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். அண்ணன்மார் பெயரோடு வங்காளிகள் ஒட்டும் 'தா' அவருக்கும் ஒட்டிக்கொண்டு, தெருவுக்கே அவர் 'கோச்தா'. ஆறடிக்கு மேல் உயரம். சிரித்தால் தெருக்கோடிவரை கேட்கும். பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் லேக் மார்க்கெட்டில் நான் குடியிருந்தேன். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி அவருடைய சங்கம். "பந்தலை முன்னால் நின்று பார்க்க லட்சக்கணக்கில் வருகிறார்கள். நீங்கள் பின்பக்கமாக வாருங்கள்" என்று அவர் கூப்பிட்ட நாளிலிருந்து எனக்கு அந்தப் பித்துப் பிடித்தது.

சங்கம் என்றால் ஒரே ஓர் அறை. உள்ளே கால் வைத்ததும் கேரம் பவுடர் வாசனையும் வியர்வை வாசனையும். கண்ணாடி அலமாரியில் பளபளப்பு மங்கிய கோப்பைகள். சுவரில் விவேகானந்தர், நேதாஜி, இருவருக்கும் நடுவே மரடோனா. மூலையில் காற்றுப்போன பந்துகள் அடைத்த வலைப்பை. மேசைமேல் பூஜை வசூல் ரசீதுப் புத்தகம். பூஜைக் கமிட்டிச் செயலாளரும் கால்பந்துச் செயலாளரும் ஒரே ஆள். பொருளாளர், அணியின் பழைய கோல்கீப்பர். "பணம் அவர் கையைத் தாண்டிப் போகாது" என்று பையன்கள் பெருமையாகச் சொன்னார்கள். ஆகஸ்ட் வந்துவிட்டால் மாலை ஆறு மணிவரை பயிற்சி. பிறகு குழாயடியில் கால் கழுவிக்கொண்டு அதே பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகக் கிளம்புவார்கள். கோச்தாவும் கூடப் போவார். அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்று சிரித்தால், போன வருடத்தைவிடக் குறைத்து எழுத எந்த வீட்டு மாஷிமாவுக்கும் (சித்திக்கு வங்காளிகள் வைத்த பெயர்) மனசு வராது.

ரத யாத்திரை நாளில் பல சங்கங்கள் முதல் மூங்கிலை நட்டுவிடும். அதற்குத் தனியாக ஒரு பூஜை உண்டு, கூட்டி பூஜை என்று. ஒற்றைக் கம்புக்குக் குங்குமம், மாலை, சங்கொலி எல்லாம்! அங்கே தொடங்கும் பரபரப்பு புரட்டாசி, ஐப்பசி வாக்கில் உச்சம் தொடும்வரை இறங்குவதே இல்லை.

குமார்துலிக்கு ஒரு நாள் அழைத்துப் போனார். வடக்குக் கொல்கத்தாவில், ஹூக்ளி ஆற்றங்கரையில், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். இரண்டு பக்கமும் தலையில்லாத தேவிகள்! மரச்சட்டமும் மூங்கிலும் போட்டு, வைக்கோலைச் சணல்கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு செய்கிறார்கள். அதன்மேல் பசையுள்ள களிமண், காய்ந்தபின் மணல் கலந்த மெல்லிய மண். தலை தனியாக அச்சில் எடுக்கப்பட்டு வெயிலில் காய்கிறது. விரல்கள் தனி. பலகைமேல் வரிசையாகக் காய வைத்த விரல்களைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. மழை விடாத வருடமென்றால் கேஸ் அடுப்புச் சுடரைக் காட்டி அம்மன் தோளைக் காய வைக்கிறார்கள். வெடிப்பு விட்ட இடத்தில் பழந்துணிக் கீற்றை மண்ணில் தோய்த்து ஒட்டுகிறார்கள். கூந்தல் சணல், கிரீடம் நெட்டித் தக்கை. சம்பிரதாயப்படி அந்த மண்ணோடு பாலியல் தொழிலாளர்கள் வாழும் சோனாகாச்சியின் வாசல் மண்ணும் ஒரு பிடி சேர வேண்டும். ஊர் ஒதுக்கிவைத்த பெண்களின் வாசலில் போய்க் கையேந்தினால்தான் பூஜை நிறைவு பெறும் என்பதை எந்த மனம் முதலில் நினைத்ததோ, அந்த மனத்தை நான் வணங்குகிறேன்.

கோச்தா ஒரு பாதி முடிந்த மகிஷாசுரன் முன்னால் போய் நின்றுகொண்டார். தொடைத் தசையைத் தொட்டுப் பார்த்தார். "இதைச் செய்தவருக்கு ஓடத் தெரிந்திருக்கிறது. உதைக்கப் போகிறவனின் தொடை இது" என்றார். கிழவர் ஒருவர் சந்தோஷத்தில் மண் கையோடு அவர் முதுகில் தட்டினார். வெள்ளைப் பனியனில் அந்தக் கைரேகை அப்படியே பதிந்தது. அன்று முழுக்க அதை அவர் மாற்றவில்லை!

மகாளயப் பட்சம் முடியும் அமாவாசை விடியலில் நகரமே நாலு மணிக்கு விழிக்கிறது. வானொலியில் 'மகிஷாசுரமர்த்தினி'. பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரலில் சண்டி பாராயணம், 1930களில் தொடங்கியது. அவர் மறைந்தபின்னும் அதே ஒலிப்பதிவுதான். 1976-ல் அவருக்குப் பதிலாக வங்காளத்தின் மாபெரும் நடிகர் உத்தம் குமாரை வாசிக்க வைத்தார்கள். நேயர்கள் கொதித்துப்போய் பழைய குரலையே திரும்பக் கொண்டுவர வைத்தார்கள். சூப்பர் ஸ்டாரையே மாற்று ஆட்டக்காரராக ஏற்காத ஊர்! அன்று விடியலில்தான் பல சிற்பிகள் அம்மனுக்குக் கண் எழுதுகிறார்கள். சங்க அறையில் வானொலியைச் சுற்றி இருபது பேர் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்க, நடுவே கோச்தா கண்மூடி, ஒரு வார்த்தைகூட அர்த்தம் தெரியாமல், எந்த இடத்தில் குரல் உடைந்து அழும் என்பதை மட்டும் அறிந்தவராக விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

பந்தலின் பின்பக்கத்தைச் சொல்லியாக வேண்டும். முன்னால் நின்றால் அரண்மனை. ஸ்ரீபூமிக்காரர்கள் 2021-ல் புர்ஜ் கலீஃபாவையே எழுப்பினார்கள். விளக்கொளி விமானிகளின் கண்ணை உறுத்துகிறது என்று லேசர் காட்சியை நிறுத்த வேண்டியதாயிற்று! பின்னால் போனால் வெறும் மூங்கில் காடு. ஆணி குறைவு, கயிறு அதிகம். ஒல்லியான இளைஞர்கள் கால்விரலால் கழியைப் பற்றிக்கொண்டு, பல்லில் கயிற்று நுனியைக் கடித்தபடி நாலு மாடி உயரத்தில் முடிச்சுப் போடுகிறார்கள். அதற்கும் பின்னால் ஜெனரேட்டர், அதன் நிழலில் தூங்கும் மின்பணியாளர்கள். அவர்களில் பலர் நம் புதுச்சேரியைப்போல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சந்தன்நகரிலிருந்து வருகிறவர்கள். விளக்கு அலங்காரத்தில் அந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. மரப்பலகையில் நூற்றுக்கணக்கான குட்டி விளக்குகளைக் கோத்து மயில் ஆட வைப்பார்கள், ரயில் ஓட வைப்பார்கள். ஒரு பலகையில் சிறுவன் ஒருவன் பந்தை உதைக்க, அது வளைந்து போய் வலையில் விழுந்தது. கோச்தா பத்து நிமிடம் அதன்முன் நின்றுவிட்டு, "இந்தப் பையனுக்கு இடது காலும் சரளமாக வருகிறது" என்று மெச்சினார்.

டாக் மேளக்காரர்களை அமர்த்த சியால்டா ரயில் நிலையத்துக்குப் போனது இன்னொரு கூத்து. மாவட்டங்களிலிருந்து வந்திறங்கிய மேளக்காரர்கள் நிலையத்து முற்றத்தில் கூட்டங்கூட்டமாக நின்று வாசித்துக் காட்டுவார்கள். சங்கத்தார் கேட்டு, பேரம் பேசி, அழைத்துப் போவார்கள். ஒரே நேரத்தில் ஐம்பது கோஷ்டிகள் என்றால் எப்படி இருக்கும்! தரையே அதிர்ந்தது. மேளத்தின் மேல் வெள்ளை இறகுக் கொத்துகள் குலுங்கின. ஒரு கிழவரும் அவர் பேரனும் வாசித்ததைக் கேட்டுக் கோச்தா சட்டென்று ஆடத் தொடங்கிவிட்டார். கிழவர் விடவில்லை, தாளத்தை இறுக்கினார். இவரும் விடவில்லை. சுற்றி வளையம் கூடிவிட்டது. பொருளாளர் பேரம் பேச வாயே திறக்கவில்லை. கேட்டதைக் கொடுத்துக் கூட்டிவந்துவிட்டார்.

அம்மன் வந்து இறங்கும் இரவுதான் எனக்கு மிகவும் பிடித்த இரவு. லாரியில் வரும்போது முகத்தைக் காகிதத்தால் மூடியிருப்பார்கள். பதினைந்து பேர் மூங்கிலுக்குத் தோள் கொடுக்க வேண்டும். உயரம் ஒத்துவர வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்துவிடும். கோச்தாவின் உயரத்துக்கு ஜோடி இல்லை. அதனால் அவரைப் பின்பக்கம் நடுவில் நிற்கவைத்து, முதுகோடு முதுகாக எடையைத் தாங்கச் செய்தார்கள். "போலோ துர்கா மாய்கி!" என்று ஒருவர் குரல் கொடுக்க, "ஜெய்!" என்று எல்லாரோடும் அவரும் முழங்க, சேறு பூசிய காலணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். இறக்கி வைத்ததும் மூச்சுவாங்க அவர் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். லாகோஸ் தீவில் எயோ என்றொரு விழா. வருடா வருடம் வராது. மன்னரோ பெரியவரோ மறைந்த நினைவில் நடக்கும். தலைமுதல் பாதம்வரை வெள்ளை அங்கி, அகன்ற தொப்பி, கையில் கோல், முகம் மூடிய உருவங்கள் தெருவை நிறைத்து நடக்கும். அந்தத் தெருவில் பார்க்க வருகிறவர் யாரும் செருப்பு அணியக்கூடாது, புகை பிடிக்கக்கூடாது. "சின்ன வயதில் என் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். தெரு சாமியாகிற நாளில் எப்படி நிற்க வேண்டும் என்று எனக்கு இங்கே யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை" என்றார். பக்கத்தில் நின்ற செயலாளர் ஒரு குவளைத் தண்ணீரை நீட்டியபடி, எயோவுக்கு வசூல் யார் பண்ணுவார்கள் என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்.

2021 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த விழாவை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. நான் யுனெஸ்கோவாக இருந்தால் கூடவே அந்தச் சங்க அறையையும் சேர்த்திருப்பேன்.

பூஜை நாட்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், அஷ்டமியன்று மதியம் கிச்சடியும் லாப்ரா என்ற காய்கறிக் கூட்டும் பரிமாறும் வரிசையில் அணியின் பின்கள வீரர்கள் நால்வரும் வாளியோடு நிற்பார்கள். இரவு துனுச்சி நடனத்தில் நடுக்கள வீரர் நெருப்புச் சட்டியைப் பல்லில் கடித்து ஆடுவார். தசமியன்று ஆற்றங்கரை. ஹூக்ளியில் இறக்கிய அம்மனை, ஆறு கெடாமலிருக்க, மாநகராட்சியின் கிரேன் உடனே வெளியே அள்ளிவிடுகிறது. வைக்கோலும் மரச்சட்டமும் கரையில் குவிகின்றன. நல்ல சட்டங்கள் திரும்பவும் குமார்துலிக்கே போகும். அழுதுகொண்டே ஆடுகிறார்கள், ஆடிக்கொண்டே அடுத்த வருடம் சீக்கிரம் வா என்று கத்துகிறார்கள்.

பந்தலைப் பிரித்த மூங்கில் எங்கே போகிறது என்று கேளுங்கள். அங்கேதான் கால்பந்து கைகோக்கிறது! பனிக்காலம் வந்ததும் அதே பந்தல்காரர், அதே மூங்கிலைக் கொண்டு மாவட்டத்து மைதானங்களைச் சுற்றிப் பார்வையாளர் மேடை கட்டுகிறார். ஒருநாள் போட்டிகள், எட்டு அணியோ பதினாறு அணியோ. ஒலிபெருக்கியில் ஒருவர் தொண்டை கட்டும்வரை வர்ணனை. ஆள் உயரக் கோப்பை. இந்த ஆட்டங்களுக்குக் 'கேப்' என்று பெயர். பதிவு, ஒப்பந்தம் எதுவும் கிடையாது, ஆடியதும் கையில் ரொக்கம். அணியில் ஓர் ஆப்பிரிக்கர் இருந்தால் கூட்டம் இரட்டிப்பாகும் என்பது அமைப்பாளர்களின் கணக்கு. கோச்தா தன் நல்ல நாட்களில் காலையில் ஓர் ஊரில் ஆடிவிட்டு, அதே ஜெர்சி காயுமுன் அடுத்த ஊருக்குச் சுமோவில் ஏறியிருக்கிறார். "ஊர் பெயர் தெரியாது. கோல் கம்பம் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்."

இந்தப் பாதையைப் போட்டவர் சீமா ஒகோரி. 1980களின் நடுவில் மொகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு ஆடத் தொடங்கி, ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று நகரத்தின் மூன்று பெரிய அணிகளுக்கும் கோல் மழை பொழிந்த நைஜீரியர். அவருடைய உதையின் வேகத்தை இன்றும் டீக்கடையில் கையை வீசிக் காட்டுகிறார்கள். அதே காலத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிய எமேகா எசேயுகோ, 1994 உலகக் கோப்பையில் நைஜீரிய அணியில் இடம்பிடித்தார். கொல்கத்தாவின் மைதான் புல்வெளியிலிருந்து உலகக் கோப்பைக்கு! லாகோஸில் பல பையன்களின் காதில் கொல்கத்தா என்ற பெயர் விழுந்தது இப்படித்தான்.

ஆனால் அந்தப் பெயரை நம்பி வந்த எல்லாருக்கும் சீமாவின் வாழ்வு கிடைக்கவில்லை. ஐரோப்பாவுக்கு இது முதல் படி என்று முகவர்கள் அழைத்துவந்து கைவிட்ட இளைஞர்கள் இருக்கிறார்கள். காலில் அடிபட்டால் 'கேப்' ஆட்டத்தில் யாரும் பொறுப்பில்லை. விசா முடிந்துவிட்டால் ஒவ்வொரு காக்கிச் சட்டையும் பயம். வீடு தேடி அலைந்ததைக் கோச்தா ஒருமுறைதான் சொன்னார். தொலைபேசியில் சரி என்றவர்கள், நேரில் முகத்தைப் பார்த்ததும் வீடு போய்விட்டது என்றார்களாம், ஒருவர் பின் ஒருவராக. அம்மனைத் தூக்கத் தோள் கேட்கிற ஊரில் அந்தத் தோளுக்கு உரியவர் படுக்க இரண்டு அறை கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கடைசியில் வீடு பிடித்துக் கொடுத்ததும் சங்கத்துப் பையன்கள்தான். பொருளாளர் தன் மாமாவிடம் போய், மாடியறையைக் கொடுக்காவிட்டால் இந்த வருடப் பூஜைக்கு அவர் வீட்டில் வசூலே கேட்கப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். அதைவிடப் பெரிய அவமானம் அந்தத் தெருவில் கிடையாது!

மைதான் பக்கம் போவோம். வில்லியம் கோட்டையைச் சுற்றிய அந்தப் பெரும் புல்வெளி ராணுவத்தின் நிலம், நிரந்தரக் கட்டடம் எழுப்ப முடியாது. அதனால் நூறாண்டு கடந்த சங்கங்களின் தலைமையகத்துக்கும் 'டென்ட்' என்றுதான் பெயர். காலைப் பயிற்சி முடிந்தபின் அந்த உணவகங்களில் கிடைக்கும் கோழி ஸ்டூவும் வாட்டிய ரொட்டியும் பெரிய ஹோட்டல்களில் கிடைக்காது. 1889-ல் பிறந்த மோகன் பகான், 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படையணியை 2-1 என்று வீழ்த்தியது, ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலில்! மொகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடம் கொல்கத்தா லீக் கோப்பையை வென்றது. 1920-ல் வந்த ஈஸ்ட் பெங்கால், பிரிவினைக்குப் பின் எல்லை தாண்டி வந்தவர்களின் கண்ணீரையும் ரோஷத்தையும் சுமக்கும் அணி.

மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் மீன்சந்தைக்குப் போனால் போதும், முடிவு தெரிந்துவிடும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா, மோகன் பகான் வென்றால் இறால். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. மோகன் பகானின் ஒற்றைக் கோல் சீமாவுடையது. அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஐம்பது தாண்டியவர்கள் எழுந்து நின்றுதான் பதில் சொல்கிறார்கள். கோச்தா எந்தக் கட்சி என்று மட்டும் சொல்ல மாட்டார். "ஹில்சாவில் முள் அதிகம், இறால் எனக்கு ஒத்துக்காது" என்று இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு வருவார்.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் துள்ளவைத்தது பார்பூஜை. வங்காளப் புத்தாண்டான பைசாக முதல் நாள் காலையில், மைதான் சங்கங்களில் புரோகிதர் வந்து கோல் கம்பத்துக்குப் பூஜை செய்கிறார்! புதிதாகச் சாயம் பூசிய கம்பத்துக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. முன்னால் வாழையிலையில் பழம், இனிப்பு, அருகே ஒரு புதுப் பந்து. வீரர்கள் கைகூப்பி வரிசையில் நிற்க, சீசன் தொடங்குகிறது. நம் சங்கத்திலும் அன்று சின்ன அளவில் நடந்தது. வலையில்லாத இரண்டு இரும்புக் கம்பங்கள், முன்னால் பூசாரி, பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிற கோச்தா. ஆரத்தித் தட்டு அவரிடம் வந்ததும் அவர் கைகளை ஒற்றி முதலில் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார், பிறகுதான் கண்ணில். பின்னர் பையன்களைக் கூப்பிட்டு, கம்பத்தின் இரண்டு பக்கமும் கைவைக்கச் சொல்லி, தன் ஊர் மொழியில் ஒரு ஜெபமும் சொன்னார். மூங்கிலுக்கு மாலை போடுகிற கையால்தான் இந்த ஊர் கோல் கம்பத்துக்கும் மாலை போடுகிறது. பந்தலோ பந்தாட்டமோ, கூடி நட்ட ஒரு கம்பத்தைச் சுற்றித்தான் அங்கே எல்லாம் தொடங்குகின்றன. அதில் தோள்கொடுக்கிற எவரையும், தெரு தன் ஆளாக எண்ணிக்கொள்கிறது. வீட்டுச் சாவியைக் கொடுக்கத் தயங்கியவர்களும் இதைப் பார்த்துப் பழகட்டும் என்பதுதான் என் ஆசை.

2017-ல் பூஜை முடிந்து ஒரு வாரத்தில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் தொடங்கியது. மழையால் குவாஹாத்தியில் ஆட முடியாமல்போன அரையிறுதியும் கொல்கத்தாவுக்கே வந்தது. அந்த ஊரின் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். அக்டோபர் 28 அன்று மூன்றாமிடத்துக்காக மாலி ஆடியபோது கோச்தா சங்கத்துப் பையன்கள் அத்தனை பேரையும் மாலிக்காகக் கத்த வைத்தார். எதிரில் பிரேசில்! பிரேசில் கொடியைத் தலையணையாக்கித் தூங்கும் பையன்கள், "மாலி! மாலி!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். மாலி 0-2 என்று தோற்றது. அடுத்து நடந்த இறுதியாட்டத்தில் இங்கிலாந்து ஸ்பெயினை 5-2 என்று வென்றதை எங்கள் வரிசையில் யாரும் சரியாகப் பார்க்கவே இல்லை, மாலியின் விங்கரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

உலகக் கோப்பை வந்தால் கொல்கத்தாவின் தெருக்களுக்குக் குடியுரிமை மாறிவிடுகிறது. ஒரு சந்து நீலமும் வெள்ளையும், அடுத்த சந்து மஞ்சளும் பச்சையும். சுவரெல்லாம் ஓவியம். பூஜைக்கு வரைந்த அதே ஓவியர்கள், பூஜைக்கு விளக்குக் கட்டிய அதே ஏணி, அதே வசூல் புத்தகத்தில் இன்னும் சில தாள். நம் சந்து அர்ஜென்டினா. 2018 ஜூன் 26 இரவு பதினொன்றரை மணிக்கு அர்ஜென்டினாவுக்கு எதிராக யார் என்று நினைக்கிறீர்கள்? நைஜீரியா!

இந்த இரு நாடுகளும் 1994, 2002, 2010, 2014, 2018 என்று ஐந்து உலகக் கோப்பைகளில் மோதியிருக்கின்றன. ஐந்திலும் அர்ஜென்டினா, ஐந்திலும் ஒரே கோல் வித்தியாசத்தில். அன்றிரவு பந்தல் துணியில் ப்ரொஜெக்டர் வெளிச்சம். முந்நூறு நீல வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே ஒரேயொரு பச்சைச் சட்டை. மெஸ்ஸி 14-வது நிமிடத்தில் கோல் போட்டார், சந்து வெடித்தது. 51-வது நிமிடத்தில் விக்டர் மோசஸ் பெனால்டியைப் போட்டார். முந்நூறு பேர் வாயடைத்து நிற்க, ஒற்றை மனிதர் மூங்கில் தூணைச் சுற்றிச் சுற்றி ஆடினார். டாக் அடிக்கிற பையன் பொறுக்கமாட்டாமல் மேளத்தை எடுத்துவந்து அவருக்காக வாசித்தான், அர்ஜென்டினா சட்டையோடுதான்! 86-வது நிமிடத்தில் ரோஹோ வலையைக் கிழித்தார். அதற்கப்புறம் நடந்ததை எழுதக் கை போதாது. பால்கனிகளிலிருந்து சங்கு, பட்டாசு, யாரோ யாரையோ கட்டிக்கொண்டு அழுகை. கண்ணீரோடு நின்ற கோச்தாவை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள்.

தோளில் உட்கார்ந்தபடியே அவர் கத்தினார்: "1996 தெரியுமா உங்களுக்கு?"

பையன்களுக்குத் தெரியவில்லை. இறங்கினார். சுவர் ஓவியருக்கு மிஞ்சிய சாக்குக்கட்டியை வாங்கித் தார்ச்சாலையில் மைதானம் வரைந்தார். அட்லாண்டா ஒலிம்பிக்ஸ், ஜூலை 31, அரையிறுதி, எதிரில் பிரேசில். 1-3 என்று பின்தங்கிய ஆட்டத்தை நைஜீரியா எப்படிப் பிடித்தது, கடைசி நொடியில் கானு எப்படிப் பந்தைத் தூக்கிவிட்டு உதைத்தார், கூடுதல் நேரத்தில் அவரே எப்படித் தங்க கோல் போட்டார் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். இன்னொரு மைதானம் வரைந்தார். ஆகஸ்ட் 3, இறுதியாட்டம், எதிரில் அர்ஜென்டினா. 2-2 என்றிருக்கையில் கடைசி நிமிடத்தில் அமுனிகே. தங்கப் பதக்கம். இந்த ஊர் கும்பிடுகிற இரண்டு அணிகளையும் நான்கே நாட்களில்! மஞ்சள் சந்துக்காரர்கள் சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள், தங்கள் அணியும் தோற்ற கதை என்று தெரிந்தும் உட்கார்ந்துவிட்டார்கள்.

கேட்டால் போதாதாம், ஆடிப் பார்க்க வேண்டுமாம். மணி இரண்டரை. செங்கல் வைத்துக் கோல் கம்பம் தயார். லாகோஸ் தெருக்களில் இப்படித்தான் ஆடுவோம் என்றார் கோச்தா. ஒல்லிப் பையன் ஒருவனுக்கு அமுனிகே வேடம், பொருளாளர் கோல்கீப்பர், முழங்கால் வலியை மறந்து கோச்தாவே ஃப்ரீகிக் எடுக்க நின்றார். இரண்டாவது மாடியிலிருந்து ஒரு பௌதி (தெருவுக்கே அண்ணி), விடிந்தால் பள்ளிக்கூடம், போதும் நிறுத்துங்கள் என்று கத்தினார்.

"அஞ்சே நிமிஷம், பௌதி! இன்னும் அந்த கோல் வரவில்லை!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, கோச்தா பந்தை வைத்து நாலடி பின்னால் போனார்.